தோம்பில் இல்லாத கதை – 9: ஆச்சி எங்கே போனா?

சென்ற வாரம் ஒரு படத்தோடு நிறுத்தினேன். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பால்தேயுப் பாதிரியாரின் பெரிய புத்தகம். அதில் யாழ்ப்பாணத்துக் கோவில்பற்றுகளின் தேவாலயங்கள் செதுக்கு ஓவியங்களாக இருக்கின்றன. நாவற்குழி, சாவகச்சேரி, வரணி என்று நம் தென்மராட்சியும் அந்த வரிசையில் உண்டு. பறங்கியர் கத்தோலிக்கக் கோவிலாக வைத்திருந்தவற்றை, 1658இல் வந்த ஒல்லாந்தர் சொரூபங்களை அகற்றிவிட்டுத் தங்கள் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சாவகச்சேரிக் கோவில் வாசலில் ஒரு சட்டம்பியாரையும் பத்துப் பிள்ளைகளையும் நானாகக் கொண்டுபோய் நிறுத்தி, "இந்தப் பிள்ளைகள் எதை ஒப்புவித்தார்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனேன்.

விடை மூன்று. கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம். முதல் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். மூன்றாவதில்தான் நம் கதை ஒளிந்திருக்கிறது. சிலுவையில் இறந்து அடக்கம் பண்ணப்பட்டவர் பாதாளத்தில் இறங்கினார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று அந்தப் பிரமாணத்தில் வருகிறது. பாதாளம் என்றால் எது, அவர் எதற்காகப் போனார் என்று ஐரோப்பாவில் பண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அடிபட்டிருக்கிறார்கள். சாவகச்சேரிப் பிள்ளைக்கு அந்தச் சண்டை தெரியாது. ஒருவர் கீழே போனார், போனவர் திரும்பி வந்தார் என்பதுதான் அதற்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனால் ஆச்சி சொல்லும் கதையும் கிட்டத்தட்ட அதுதான். மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனே உதை வாங்குகிறான். கீழே இருக்கும் இடம் பயங்கரமானது, ஆனால் அங்கிருந்து வர வழி உண்டு. கோவில் வாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் பிள்ளை கேட்ட சேதி ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. இந்த ஒற்றுமை குலைய இன்னும் நூற்றெழுபது வருடம் இருக்கிறது.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1663ஆம் ஆண்டுக் கணக்கில் யாழ்ப்பாணத்தில் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கிறிஸ்தவர்கள். எல்லாம் தோம்பில், ஒல்லாந்தர் பதிவேட்டில். ஞானஸ்நானம் பெற்றுப் பெயர் பதியாவிட்டால் கலியாணமும் முதுசமும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். பிள்ளையைப் பள்ளிக்கு விடாவிட்டால் தண்டம். ஆகவே பெயரைத் தோம்பில் கொடுத்தார்கள், விரதச் சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும் வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள். அந்த நாளின் பழக்கம்தான் பின்னும் விரத இலையைக் கூரையில் செருகும் வழக்கமாக நின்றது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். 1795இல் ஒல்லாந்தர் போனார்கள். 1806இல் வந்து பார்த்த கிளோடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாருக்குப் பாழடைந்த கோவில்களைத்தான் காண முடிந்தது. தோம்பிலிருந்த அறுபதாயிரம் பேரும் எங்கே? அவர்கள் எங்கும் போகவில்லை. கூரையிலிருந்த இலை கீழே இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

*

தோம்பு என்றதும் இன்னொரு கணக்கேடு எனக்கு நினைவுக்கு வரும்.

சித்திராபௌர்ணமி. எங்கள் ஊரில் கோவில் மடத்தில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள். ஒருவர் இராகத்தோடு படிக்க, இன்னொருவர் பயன் சொல்வார். தாயை இழந்தவர்கள் அன்று விரதம். தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. படிப்பு முடியக் கஞ்சி வார்ப்பு. பச்சையரிசியும் பயறும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சி, பனையோலையில் கோலிய பிளாவில். பிளாவின் மடிப்பு சரியாக இல்லாவிட்டால் கஞ்சி முழங்கை வரை ஒழுகும். எனக்கு எட்டு வயது, ஒழுகிக்கொண்டிருந்தது.

எமனுடைய கணக்கப்பிள்ளை ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருடைய நன்மை தீமையையும் குறித்துக்கொள்வதைப் படிப்பில் கேட்டு நடுங்கிப்போயிருந்தேன். அன்று காலையில் பக்கத்து வளவில் மாங்காய் பிடுங்கியிருந்தேன் என்பது காரணம். பயன் சொன்ன அப்பு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அப்பு, நரகத்தில எவ்வளவு காலம் வச்சிருப்பினம்?"

"கணக்குத் தீருமட்டும்."

"தீர்ந்தாப் பிறகு?"

"பிறகென்ன, வெளியில விடுவினம். எல்லாரையும் உள்ளுக்கையே வச்சிருந்தா ஆர் மோனை இஞ்ச வந்து பிறக்கிறது? கஞ்சியைக் குடி, ஆறப்போகுது."

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி பட்டணம் தரைமட்டமானபோது அந்த மடமும் போய்விட்டது. நரகம் உண்டா என்று அன்று உயிர் தப்பிய கிழவர்களிடம் யாரும் போய்க் கேட்கத் தேவையில்லை. ஆனால் அப்பு சொன்ன அந்த இரண்டு சொல், "கணக்குத் தீருமட்டும்", சைவ சித்தாந்தத்தின் முழுப் பாடம் என்று எனக்கு விளங்க முப்பது வயதாகிவிட்டது.

*

இப்போது 1820க்கு வாருங்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு அச்சுத் தொழிலாளி யாழ்ப்பாணத்தில் இறங்குகிறார். பெயர் ஜேம்ஸ் கரட். அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் காலூன்றி, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு என்று வலிகாமத்தில் பரவிக்கொண்டிருந்த நேரம். அச்சகம் வந்துவிட்டால் துண்டுப்பிரசுரம் மழையாகப் பெய்யும். ஆனால் கொழும்பில் அதிகாரத்திலிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கரட்டை வெளியேறச் சொல்லிவிட்டார். அமெரிக்கர் போதும், இனி ஒருவரும் வேண்டாம் என்று தடை. மனிதர் பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தடை பதின்மூன்று வருடம் நீடித்தது. 1833இல் நீங்கியதும் புதிய பாதிரிமார் வந்து இறங்கினார்கள். வலிகாமத்துக்கு வெளியே இடம் தேடினார்கள். உப்பாற்றைக் கடந்து கிழக்கே தென்மராட்சிக்கு வந்தார்கள். சாவகச்சேரியிலும் வரணியிலும் மிஷன் நிலையம் எழுந்தது இப்படித்தான். 1834 தொட்டு மானிப்பாயில் அச்சகமும் ஓடத் தொடங்கியது.

இவர்கள் கொண்டுவந்த நரகம் ஒல்லாந்தருடைய தோம்பு நரகம்போலத் தூங்கி வழிவதன்று. அது நெருப்போடு வந்தது. ஏன் என்று அறிய அவர்கள் படித்த இடத்தைப் பார்க்க வேண்டும். மாசச்சூசெற்ஸ் மாநிலத்து அண்டோவர் இறையியற் கல்லூரி. ஹாவார்ட் பல்கலைக்கழகம் பழைய விசுவாசத்தை விட்டு வழுக்கிவிட்டது என்று கோபித்துக்கொண்டவர்கள் 1808இல் திறந்த கல்லூரி அது. அங்கே பேராசிரியர் வேலை வேண்டுமானால் ஒரு விசுவாச அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். துன்மார்க்கருக்கு முடிவில்லாத தண்டனை என்பது அந்த அறிக்கையில் ஒரு வாசகம். யாழ்ப்பாணத்தின் முதல் அமெரிக்கப் பாதிரியார்களான டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ் முதலானோர் அந்தக் கல்லூரி வார்த்தெடுத்தவர்கள்.

இன்னுமொன்று. 1813இல் யாழ்ப்பாணம் வந்து வழி பார்த்துப் போன சாமுவேல் நியுவெல், பிறகு பம்பாயிலிருந்து கோர்டன் ஹோலோடு சேர்ந்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1818இல் வந்தது. உலகத்தில் கிறிஸ்துவை அறியாதோர் அறுபது கோடி, அவர்களைக் காப்பாற்ற எத்தனை பாதிரிமார் தேவை என்று கணக்குப் போட்ட புத்தகம். அதைப் படித்தவர்களால் நிம்மதியாக நித்திரை கொள்ள முடிந்திருக்காது. அறுபது கோடி பேர் நெருப்பை நோக்கி நடக்கிறார்கள், நான் இங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். இவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று எழுதிவிடுவது எளிது, எனக்கு அதில் சம்மதமில்லை. நெருப்புப் பிடித்த வீட்டின் கதவைத் தட்டுகிறவன் மெதுவாகத் தட்ட மாட்டான். 1824இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் விடுதிப் பிள்ளைகள் தங்கள் பாவத்தை நினைத்து அழுது செபித்த ஒரு 'எழுப்புதல்' நடந்தது. பாதிரிமாருக்கு அது தேவனுடைய வேலை. பிள்ளைகளின் தாய்மாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீடு எரிகிறது என்று தட்டினார்கள், சரி. தமிழில் எப்படித் தட்டுவது? இங்கேதான் ஒரு சொல் காலை வாரிவிட்டது.

*

விவிலியத்தின் மூலத்தில் 'கெகென்னா' என்று ஓர் இடம் வரும். எருசலேமுக்கு வெளியே இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்த சொல். 'ஆதேசு' என்று இன்னொன்று, இறந்தோர் உலகம். இரண்டுக்கும் தமிழ் வேண்டும். தமிழ் விவிலியத்தைத் திறந்தால் முன்னதற்கு நரகம், எரிநரகம் என்றும், பின்னதற்குப் பாதாளம் என்றும் இருக்கும்.

இரண்டும் ஏற்கெனவே குடியிருப்பு உள்ள வீடுகள். பாதாளம் நம்முடைய கதைகளில் நாகர்களும் மாவலியும் வாழும் செல்வபூமி, சொல்லப்போனால் வசதியான இடம். நரகமோ பெயர் பெற்றது. இரௌரவம், மகாரௌரவம், கும்பீபாகம், காலசூத்திரம், அசிபத்திரவனம் என்று பகுதி பகுதியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். சைவ நூல்கள் இருபத்தெட்டுக் கோடி நரகம் என்று கணக்குச் சொல்கின்றன. கும்பீபாகத்தில் எண்ணெய்க் கொப்பரையில் போட்டுப் பொரிப்பார்கள். அசிபத்திரவனத்தில் மரத்து இலையெல்லாம் வாள். பயமுறுத்துவதில் பொஸ்டன்காரர் நமக்குக் கற்றுத் தர ஒன்றுமில்லை.

ஆனால் அந்த இருபத்தெட்டுக் கோடியில் ஒன்றுகூட நிரந்தரமில்லை. கொப்பரைக்கு மூடி திறக்கும் நேரம் ஒன்று உண்டு. நரகத்துக்குப் போகிற உயிருக்குச் சைவர் ஒரு தனி உடம்பே சொல்வார்கள், யாதனா சரீரம் என்று. அடித்தாலும் வெட்டினாலும் பொரித்தாலும் துன்பப்படும், அழியாது. தண்டனை முடிந்ததும் அது கழன்றுவிடும், மிச்ச வினையைத் தின்ன உயிர் மறுபடி புல்லாகவோ பூச்சியாகவோ மனிதனாகவோ வந்து பிறக்கும். ஆகத் தமிழனுடைய காதில் 'நரகம்' என்ற சொல் விழும்போதே அதன் வாசலும் கூட விழுகிறது. உள்ளே போகும் வாசல் மட்டுமா, வெளியே வரும் வாசலும்தான்.

பாதிரியார் மேடையில் நின்று "மனந்திரும்பாவிட்டால் நரகம்" என்கிறார். கீழே இருக்கும் கமக்காரர் தலையாட்டுகிறார். ஓம், தெரிந்த விஷயம்தானே, செய்ததை அனுபவித்துத்தானே ஆக வேண்டும். பாதிரியாருக்குத் திகைப்பு. இத்தனை பெரிய சேதிக்கு இந்த மனிதன் பதறவில்லையே! அதனால்தான் 'நித்திய' என்ற சொல்லைக் கொண்டுவந்து முன்னால் கட்டினார்கள். நித்திய நரகம், நித்திய ஆக்கினை. அந்தச் சின்ன அடைமொழிதான் முழுச் சண்டைக்கும் விதை. நரகம் உண்டா இல்லையா என்று யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் யாரும் சண்டை பிடிக்கவில்லை. கணக்குத் தீருமா தீராதா என்றுதான் பிடித்தார்கள்.

நித்தியம் என்றதும் கமக்காரர் தலையாட்டுவதை நிறுத்தினார். அவருக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது.

*

பாதிரிமார் போன இடமெல்லாம் அவர்களுக்கு முன்னால் போய்க் காத்திருந்த கேள்வி அது. பிரான்சிஸ் சவேரியாரிடம் ஜப்பானில் கேட்டார்கள். மன்னாரில் 1544இல் சங்கிலியன் கொன்ற கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆள் அனுப்பியவர் அந்தச் சவேரியார்தான். 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், தங்கள் மூதாதையருக்கு நரகத்திலிருந்து மீட்சியில்லை என்று கேட்டு ஜப்பானியர் அழுததைச் சொல்லுகிறார், அந்த அழுகை தமக்கே வேதனையாக இருந்தது என்கிறார். அவருக்கு எண்ணூறு வருடம் முந்தி வடக்கு ஐரோப்பாவில் ராட்பொட் என்ற அரசன் ஞானஸ்நானத் தொட்டியில் ஒரு காலை வைத்தபின், "என் முன்னோர் எங்கே?" என்று கேட்டு, நரகத்தில் என்ற பதில் வந்ததும் காலை வெளியே எடுத்துவிட்டானாம். அவர்கள் இருக்கும் இடத்துக்கே நானும் போகிறேன் என்றானாம். கதையாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட கதை உண்டாவதற்குக் காரணம் கதையன்று.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். இது செத்தவர்களை விட்டுவிடாத ஊர். செத்தவீட்டில் உரலைப் போட்டுத் திருப்பொற்சுண்ணம் பாடி இடிப்பார்கள். எட்டுச் செலவு, பிறகு முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் திவசம், சித்திராபௌர்ணமி, ஆடி அமாவாசை. போனவர்களுக்கு வழிச்செலவு அனுப்பிக்கொண்டே இருக்கிற சனம். அவர்களிடம் போய், "உங்கள் ஆச்சி முடிவில்லாத நெருப்பில் இருக்கிறா, இனி ஒன்றும் செய்ய இயலாது" என்றால்?

அறியாமற் செத்தவளை அறியவில்லை என்பதற்காகவா எரிக்கிறார்? இந்தக் கேள்விக்குப் பாதிரியாரிடம் பதில் இருந்தது, பத்தி பத்தியாக இருந்தது. கேட்டவருக்கு வயிற்றில் இறங்கும் பதிலாக இல்லை.

கத்தோலிக்கரிடம் ஒரு நடுவழி இருந்தது. உத்தரிக்கிற ஸ்தலம். பாவக்கறை கழுவும்வரை தங்கி, பிறகு மோட்சம் சேரும் இடம். ஒல்லாந்தர் காலத்தில் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேர்ந்த யோசேவாஸ் முனிவர் காத்துக் கொடுத்த சபையில், நவம்பர் 2ஆம் திகதி மரித்தோருக்காகச் செபிக்கிற பழக்கம் இன்றைக்கும் சேமக்காலைகளில் மெழுகுதிரியாக எரிகிறது. நித்திய நரகமும் அவர்களுக்கு உண்டுதான். ஆனால் செத்தவளுக்காக ஏதாவது செய்யலாம் என்ற இடம் திறந்திருந்தது. திவசம் கொடுக்கிற ஊருக்கு அது விளங்கும். அமெரிக்கருக்கு அந்த ஸ்தலமும் மூடநம்பிக்கை, திவசமும் மூடநம்பிக்கை.

சைவப் பண்டிதர்கள் எடுத்த ஆயுதம் ஒரு பழைய சொல்: மறக்கருணை. பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுவது அறக்கருணை. அதே தகப்பன் பிரம்பெடுத்து அடிப்பது மறக்கருணை, அதுவும் கருணைதான். நரகம் சிவன் எடுத்த பிரம்பு. திருந்துவதற்காக அடிக்கிறார் என்றால் அடி ஒருநாள் நிற்க வேண்டும். நிற்காத அடிக்கு என்ன பெயர் என்பதுதான் அவர்கள் பாதிரிமாரைக் கேட்ட கேள்வி. அறுபது வருடம் செய்த பாவத்துக்கு முடிவில்லாத காலம் தண்டனை என்றால், தராசு எந்தக் கடையில் வாங்கியது?

பாதிரிமாரும் சும்மா இருக்கவில்லை. வாசல் திறந்திருக்கிற நரகத்துக்கு யார் பயப்படுவான், அடுத்த பிறப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் ஒத்திப்போட மாட்டார்களா என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. மாங்காய் பிடுங்கிய நான் சாட்சி: "கணக்குத் தீருமட்டும்" என்று அப்பு சொன்ன மறுநாளே மறுபடியும் மதிலேறினேன்.

*

1841 ஜனவரி 7. அமெரிக்க மிஷன் 'உதயதாரகை' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. நடத்தியவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த தமிழர். திண்ணையில் நடந்த வாதம் அச்சில் ஏறியது. முத்துக்குமார கவிராயர் 'ஞானக்கும்மி'யும் 'ஏசுமத பரிகார'மும் பாடினார். பிறகு நீர்வேலிச் சங்கர பண்டிதர் கண்டன நூலோடு வந்தார். ஏடெழுதிய கைகள் அச்சகம் தேடின.

அதே 1840களில், யாழ்ப்பாணப் பட்டணத்தில் வெஸ்லியன் பாதிரியார் பேர்சிவலுடைய மேசைக்கு எதிரே, நெற்றி நிறைய விபூதியோடு ஓர் இளைஞர் இருந்தார். நல்லூர் கந்தர் மகன் ஆறுமுகம். 1822 டிசம்பர் 18இல் பிறந்தவர். பேர்சிவலின் பள்ளியிலே படித்து அங்கேயே படிப்பித்து, விவிலியத்தைத் தமிழாக்கும் வேலையில் அவருக்குத் துணை நின்றார். எரிகிற கடலும் அவியாத அக்கினியும் எந்தத் தமிழில் வர வேண்டும் என்று சொல் சொல்லாக நிறுத்துப் பார்த்த மேசை அது. விவிலியத்தை அவ்வளவு கிட்ட நின்று வாசித்த சைவர் அந்தக் காலத்தில் இன்னொருவர் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன்கோவில் வசந்த மண்டபத்தில் விளக்கேற்றி, பாதிரிமார் பிரசங்கம் செய்வதுபோலவே எழுந்து நின்று பேசத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பேர்சிவலின் வேலையை விட்டார், சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் தமிழகம் போனபோது திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்ற பட்டம் கொடுத்தது, அச்சியந்திரமும் வந்து சேர்ந்தது. 1854இல் 'சைவதூஷண பரிகாரம்'. நீங்கள் சைவத்தில் இழிவென்று சொல்வதெல்லாம் உங்கள் விவிலியத்திலும் இருக்கிறதே என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிற நூல். மேசைக்கு எதிரே இருந்த வருடங்கள் வீண்போகவில்லை.

நாவலரை இந்த இடத்தில் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். தொடர் எழுதுகிறவன் அப்படிச் செய்யக்கூடாது. அவருடைய நான்காம் பாலபாடத்தைப் புரட்டுங்கள். கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு என்று தலைப்புத் தலைப்பாகப் பாவங்கள். ஒவ்வொன்றுக்கும் நரகத்தில் கிடைப்பது என்ன என்று எமதூதர் செய்கிற வேலையை நெருக்கமாக எழுதியிருப்பார். மடத்தில் வருடத்துக்கு ஒருமுறை இராகத்தோடு வந்துபோன நரகத்தை, பள்ளிப் பிள்ளையின் கைக்குள் அச்சில் கொண்டுவந்து வைத்தவர் அவர். பாதிரிமாரிடம் பிரசங்கத்தை எடுத்தார், வினாவிடையை எடுத்தார், பாடப்புத்தகத்தை எடுத்தார். கூடவே, பயத்தால் பிள்ளையைத் திருத்தலாம் என்ற நம்பிக்கையையும் எடுத்தாரோ? என் வகுப்பில் பாலபாடம் படித்தவர்களில் பாதிப்பேர் இன்று மச்சம் தின்னுகிறார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை தின்னுவதில்லை. பயம் அவ்வளவுக்கு வேலை செய்திருக்கிறது.

*

இதற்கிடையில் சீமையில் ஒரு வேடிக்கை நடந்தது. 'ஆய்வுகளும் மதிப்புரைகளும்' என்று பொருள்படும் ஒரு கட்டுரைத் தொகுப்பு 1860இல் வந்தது. அதில் எழுதிய வில்சன் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், தண்டனைக்கு ஒருநாள் முடிவு வரும் என்று நம்ப இடம் இருக்க வேண்டும் என்றார். திருச்சபை நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்கு வந்தது. 1864 பெப்ரவரியில் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பு: அப்படி நம்புவது இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டத்துக்கு முரணில்லை. நரகத்தை வழக்குச் செலவோடு தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று லண்டன் சட்டத்தரணிகள் பகிடி விட்டார்கள். சாவகச்சேரிக் கோட்டடிப் பிறக்கிராசிமாருக்கு இந்தப் பகிடி பிடித்திருக்கும். அந்தக் காலத்தில் மேன்முறையீடு பிரிவிக் கவுன்சில் வரை போகுமென்று அவர்களுக்குத் தெரியும், நரகத்துக்கும் போகுமென்று தெரிந்திருக்காது.

 

நம் சாவகச்சேரி மிஷனுக்குச் சீமைத் தீர்ப்பு செல்லாது. மிஷன் பொஸ்டனைச் சேர்ந்தது. பொஸ்டனில் அண்டோவர் கையெழுத்து இன்னும் ஈரம் காயாமல் இருந்தது, அல்லது அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

1886. அண்டோவரில் புது வாத்தியார்கள். சுவிசேஷத்தைக் கேளாமலே செத்துப்போனவர்களுக்குச் சாவுக்குப் பிறகும் ஒரு வாய்ப்புக் கிடைக்கலாம் என்று எழுதத் துணிந்துவிட்டார்கள். நம் கோட்டடித் தமிழில் சொன்னால், மறுதவணை. அறுபது கோடி பேரைக் காட்டிப் பணம் திரட்டிய அமெரிக்க மிஷன் சங்கத்துக்கு இது அடிவயிற்றில் நெருப்பு. மறுதவணை உண்டென்றால் காசு போட்டுப் பாதிரிமாரை ஏன் அனுப்ப வேண்டும்? சங்கத்தின் செயலாளர் ஆல்டன், மிஷனரியாகப் போக வந்த இளைஞர்களை ஒவ்வொருவராக இருத்தி இதையே கேட்டார். தயங்கியவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் கோடையில் அண்டோவர் பழைய மாணவர் விருந்து. விருந்தில் ஒரு மனிதர் எழுந்தார். றொபேட் ஹியூம். பம்பாயில் பிறந்தவர், மராத்தி பேசுகிறவர், அகமத்நகரில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்தவர். இந்தியக் கிராமத்துக் கேள்விகளை நேரில் கேட்ட காது அது. கேளாமற் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் அழிவுதான் என்ற போதனை மிஷன் வேலைக்கு நன்மை செய்யவில்லை, நம்பிக்கைக்கு இடம் விட வேண்டும் என்ற பொருளில் சில நிமிடம் பேசினார். இருந்தார்.

பேச்சு அச்சில் வந்தது. பொஸ்டன் அதை வாசித்தது. அகமத்நகருக்குத் திரும்ப வேண்டியவரைச் சங்கம் நிறுத்தி வைத்தது.

அக்டோபரில் அயோவா மாநிலத்து டெ மொயின் நகரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். சாவகச்சேரியிலும் வரணியிலும் சட்டம்பிமாருக்குச் சம்பளம் அனுப்புகிற அதே சங்கம். ஐம்பது வருடமாகத் தென்மராட்சியில் பதில் கிடைக்காமல் கிடந்த ஆச்சியின் கேள்வி, கடல் கடந்து போய் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். கடைசியில் வாக்குக்கு விட்டார்கள்.

ஹியூம் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்.

(தொடரும்)